விடுவதற்குக் கட்டம் இல்லை

வாலிநோக்கத்து உப்பளத்தில் காலை பத்து மணிக்கு டீ வந்ததும் ஒரு காரியம் நடக்கும். பெண்கள் இரண்டிரண்டு பேராக வரப்பில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருத்தி கையை நீட்டுவாள். மற்றவள் சூடான டீ கிளாஸை அந்தக் கையின்மேல் வைத்து உருட்டி, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவாள். விடிவதற்கு முன்னாலிருந்து வாரு பலகையின் கம்பைப் பிடித்து உப்பை இழுத்துக் குவித்த விரல்கள் தாமாகத் திறக்காது. அவசரப்பட்டு நடுவிரலை முதலில் இழுத்தால் உயிர் போய்விடும். சுண்டுவிரல்தான் சாவி. இதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது என்பதால் இது வைத்தியம் ஆகாது.

ராக்குவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவளுக்கு விரல் பிரித்து விடுகிறவள் மெஹருன்னிசா; அளத்தில் எல்லாருக்கும் அவள் லாத்தா, அதாவது அக்கா. இருபது வருஷத்து ஜோடி. ராக்குவுக்குத் தாலி கட்டியவன்கூட இத்தனை தடவை அவள் கையைப் பிடித்ததில்லை.

இந்த வருஷம் உப்பு எடுக்க ஆரம்பித்த பிறகு ராக்குவின் வலது கை டீ கிளாஸுக்கு மசியவில்லை. மெஹருன்னிசா ஒரு தூக்குவாளியில் சுடுதண்ணீரும் பழைய துண்டும் கொண்டுவர ஆரம்பித்தாள். பங்குனியில் ராமநாதபுரத்து எலும்பு டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனார்கள். அவர் விரலை மடக்கிப் பார்த்து, "சின்ன ஆபரேஷன்தாம்மா. நரம்போட உறை இறுகிப் போச்சு. அரை மணி நேர வேலை. ஆடி பிறக்குறதுக்குள்ள பண்ணிட்டா கை பழையபடி திறக்கும். அப்புறம்னா விரல் ஒட்டிக்கிரும், நானும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அரசுத் திட்டத்தில் இலவசம். ஒரே ஒரு சீட்டு வேண்டும். பிடிவலு குறைவுச் சான்று. வலது கையின் பிடி பதினைந்து கிலோவுக்குக் கீழே என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சீட்டைத் தரும் அதிகாரம் பெற்ற ஒரே இடம் அதே ராமநாதபுரத்தில் இருந்த கடலோர மக்கள் உடல்வலு ஆய்வு மையம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் "வலுவான கை, வளமான மாவட்டம்" என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. இயக்குநர் முனைவர் வினோத்குமார். எந்தெந்த உடற்பயிற்சி செய்கிறவருக்குக் கைப்பிடி எவ்வளவு என்று கண்டுபிடிப்பது அவருடைய ஐந்து வருஷத்து ஆராய்ச்சி. அவருடைய தண்ணீர் பாட்டில் மூடியை மட்டும் பியூன் திறந்து கொடுப்பார். அதைப் பற்றி ஆராய்ச்சி எதுவும் இல்லை.

படிவம் நிரப்புகிறவள் யுவராணி. ஒப்பந்தப் பணியாளர், கமுதிப் பக்கத்துப் பெண், நல்ல மாதிரி. ஆனால் படிவம் அவளுடையதல்ல.

"நடைப்பயிற்சி உண்டாம்மா?"

"நடக்குறதுதான் தாயி. அளத்துக்கு மூணு மைலு, திரும்ப மூணு மைலு."

"உடம்புக்காக நடக்குறீங்களா?"

"பஸ் வராததுக்காக நடக்குறோம்."

"அப்ப அது பயணம்." யுவராணி 'இல்லை' என்று எழுதினாள். "எடைப் பயிற்சி?"

"முப்பது கிலோ உப்புப் பெட்டி, ஒரு நாளைக்கு நூறு தடவை தலைல ஏறும்."

"அது சுமைம்மா. எடைன்னா ரெண்டு பக்கமும் வட்டமா இரும்பு இருக்கணும். யோகா?"

"காலைல இருந்து குனிஞ்சபடியேதான் நிப்போம்."

"மூச்சைக் கவனிப்பீங்களா?"

"மூச்சு வாங்கும். கவனிக்க எங்க நேரம்?"

அதற்கும் 'இல்லை'. நீச்சல், சைக்கிள், பந்து விளையாட்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை'. போன வருஷம் தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிறவர்களைக் கேட்டபோது இதே சிக்கல் வந்தது. கயிறு இழுக்கும் போட்டி என்று ஒரு கட்டம் இருந்ததால் அவர்கள் விளையாட்டு வீரர்களாகத் தப்பித்தார்கள். உப்பு வாருவதற்கு அப்படி ஒரு போட்டியை இதுவரை யாரும் நடத்தவில்லை. கடைசி வரியில் யுவராணி அச்சடித்திருந்த ஒரு வாக்கியத்தை வட்டமிட்டாள்: 'உடலுழைப்பற்ற சோம்பல் வாழ்க்கை முறை.'

"என்ன தாயி எழுதிருக்கு?" என்று ராக்கு கேட்டாள்.

"பயிற்சி இல்லைன்னு எழுதிருக்கும்மா" என்றாள் யுவராணி. பாவம், முழுசாக வாசிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

பிறகு மிஷின் வந்தது. ஒரு கைப்பிடி, மேலே கடிகார முள். "முடிஞ்ச மட்டும் அழுத்துங்க" என்றாள் யுவராணி. ராக்கு அழுத்தினாள். கம்பைப் பிடித்த பழக்கம், விரல்கள் பூட்டிக்கொண்டன. முள் நாற்பத்தொன்றில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

"போதும்மா, விடுங்க."

"விட வரலை தாயி."

"பயப்படாதீங்க. சும்மா விடுங்க."

"பயம் இல்ல தாயி. பிடிக்க வருது. விடத்தான் வரலை. அதுக்குத்தானே இங்கன வந்துருக்கேன்!"

மெஹருன்னிசா வாசலிலிருந்து தூக்குவாளியோடு வந்து, துண்டை நனைத்துச் சுற்றி, சுண்டுவிரலில் ஆரம்பித்து மிஷினை மீட்டுக் கொடுத்தாள். ராக்குவின் கண்ணில் தண்ணீர் நின்றது. யுவராணி 41 என்று எழுதினாள்.

"தாயி, அவ விட முடியாமக் கெடந்தாளே, அதையும் எழுதும்மா" என்றாள் மெஹருன்னிசா.

யுவராணி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "பிடிக்கிறதுக்குத்தான் கட்டம் இருக்கு லாத்தா. விடுறதுக்குக் கட்டம் இல்லை."

தாள் இயக்குநரிடம் போனது. அவர் முகம் கறுத்துவிட்டது. ராக்குவின் கையை நினைத்து அல்ல. அவருடைய ஐந்து வருஷக் கணக்குப்படி பார்க்கில் நடக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு, யோகா செய்கிறவர்களுக்கு இருபத்து நான்கு, ஜிம்முக்குப் போகிற ஆண்களுக்கே முப்பத்தைந்து. எந்தப் பயிற்சியும் செய்யாத சோம்பேறிப் பெண்ணுக்கு நாற்பத்தொன்று என்றால் ஆராய்ச்சியின் முடிவு என்ன ஆகும்? உடற்பயிற்சி செய்தால் கை வலு குறையும் என்று ஆகும். அவர் ராக்குவை உள்ளே கூப்பிட்டார்.

"பாருங்கம்மா. விஞ்ஞானம்னா உணர்ச்சிவசப்படக் கூடாது. உங்க கை நாற்பத்தொன்று காட்டுது. உங்களுக்குச் சான்று கொடுத்தா நான் பொய் சொன்னவனாவேன். நான் என் வாழ்க்கைல பொய் சொன்னதில்லை. அதே சமயம் பயிற்சியே இல்லாம நாற்பத்தொன்று இருக்கவும் கூடாது. அது தப்பான முன்னுதாரணம். அதனால உங்களை நான் பயிற்சிப் பிரிவுல சேத்துடுறேன், போன வாரத் தேதி போட்டு."

"ஐயா, எனக்குப் பயிற்சி வேணாம். சீட்டுதான் வேணும்."

"பன்னிரண்டு வாரம் பயிற்சி. அப்புறம் மறு அளவீடு. அதுல பதினைந்துக்குக் கீழ வந்தா அன்னைக்கே கையெழுத்து."

"பயிற்சி செஞ்சா வலு கூடும்னுதானே ஐயா இங்கன எழுதிருக்கு? கூடினா சீட்டு எப்புடிக் கிடைக்கும்?"

இயக்குநர் சிரித்தார். "நல்ல கேள்வி. அதைத்தான் ஆராயறோம்."

ராக்கு விரல் விட்டு எண்ணினாள். இடது கை விரல்தான். பன்னிரண்டு வாரம் என்றால் ஆனியின் நடு. ஆடிக்குப் பதினைந்து நாள் மிச்சம் இருக்கும். சரி என்று கைநாட்டு வைத்தாள். வேறு என்ன செய்வாள்? சீட்டு அவர்கள் பெட்டிக்குள் இருக்கிறது.

மறு வாரமே மையத்தின் ஜீப் உப்பளத்துக்கு வந்தது. காலை ஐந்து மணிக்கு, வேலை தொடங்கும் நேரத்தில், வரப்பில் பாயை விரித்து ராக்குவை உட்கார வைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். அவள் மூச்சைக் கவனித்தாள், கங்காணி அவளைக் கவனித்தான். எட்டு மணிக்கு எடைப் பயிற்சி. தலையில் முப்பது கிலோ உப்புப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தி, பெட்டியை இறக்கச் சொல்லி, கையில் இரண்டு கிலோ இரும்பைக் கொடுத்துப் பத்து முறை தூக்கச் சொன்னார்கள். தூக்கியதும் "சபாஷ்" என்று கைதட்டினார்கள். பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், அதற்கு யாரும் கைதட்டவில்லை. அது சுமை.

அடிகளை எண்ணும் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டினார்கள். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும். காலை ஒன்பதுக்குள் பட்டை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பட்டை பழுது என்று எழுதி வேறு பட்டை கட்டினார்கள். நாலாவது பட்டையை உப்பு தின்றுவிட்டது. அரசுப் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று ராக்குவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

பந்துதான் எல்லாவற்றிலும் கொடுமை. சிரிக்கிற முகம் வரைந்த மஞ்சள் ரப்பர் பந்து. படுக்கப் போகும் முன் ஐம்பது முறை அழுத்த வேண்டும். முதல் நாள் முதல் அழுத்திலேயே கை பூட்டிக்கொண்டது. பந்து உள்ளே மாட்டிக்கொண்டது. வீட்டில் ஒத்தையாக இருக்கிறவள், இடது கையால் சோறு அள்ளித் தின்றுவிட்டு அந்தச் சிரிக்கிற முகத்தோடேயே படுத்தாள். காலையில் மெஹருன்னிசா அதைப் பிரித்தெடுத்தபோது ராக்கு பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

"எறிஞ்சு தொலையேன்டி இந்தச் சனியன!" என்றாள் மெஹருன்னிசா.

"எறியக் கூடாதாம் லாத்தா. எறியிறது வேற பயிற்சியாம். அது வேற பிரிவுக்காரவுக செய்யணுமாம்."

"யா அல்லா, இவிங்களுக்கு ஒரு கேள்வி இல்லையா?"

ஆனியில் மறு அளவீடு. ராக்கு முந்தின நாள் பட்டினி கிடந்தாள். கை வலு குறையட்டும் என்று அவளாகக் கண்டுபிடித்த யோசனை. மிஷினை மெதுவாகத் தொட்டாற்போல் பிடிக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தொட்டாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. படக்கென்று பூட்டியது. நாற்பத்து நான்கு.

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். பன்னிரண்டு வாரப் பயிற்சியில் மூன்று கிலோ முன்னேற்றம்! மாவட்டத்திலேயே முதலிடம். சீட்டு கிடையாது, ஆனால் விருது உண்டு. "இரும்புக்கரம்" என்று பெயர். வழங்குவதற்குச் சென்னையிலிருந்து துறையின் ஆணையரே வருகிறார்.

"ஐயா, விருது வேணாம். அதுக்குப் பதிலா அந்தச் சீட்டக் குடுத்துருங்க" என்றாள் ராக்கு.

"சான்றுங்கிறது பலவீனத்துக்கு. விருதுங்கிறது பலத்துக்கு. ஒரே கைக்கு ரெண்டும் கொடுத்தா தணிக்கைல கேப்பாங்கம்மா."

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மெஹருன்னிசாவிடம் அனுமதிச் சீட்டு இல்லாததால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தூக்குவாளியோடு வெயிலில் நின்றாள். உள்ளே இயக்குநர் பேசினார்.

"இந்தச் சகோதரி எங்களிடம் வந்தபோது எந்தப் பயிற்சியும் இல்லாமல், சோம்பலில் வாடிக்கொண்டிருந்தார். உப்பு வாருவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. இன்று? நடை, யோகா, எடை, பந்து! கலப்புப் பயிற்சியே கைப்பிடிக்குச் சிறந்தது என்ற என் முடிவுக்கு இவரே உயிருள்ள ஆதாரம். ஆய்வாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாங்கள் முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் அளக்கப் போவோம். அதனால்தான் எங்கள் முடிவுகள் ஒருபோதும் மாறியதில்லை."

பலத்த கைதட்டல். ஆணையர் எழுந்து கையை நீட்டினார். ராக்கு இரண்டு கையையும் கூப்பினாள்.

"கும்பிடு வேணாம்மா, கைகுலுக்குங்க. போட்டோவுக்கு அதுதான் பொருத்தம்" என்றார் இயக்குநர்.

"வேணாங்கய்யா. பூட்டிக்கிரும்."

யார் காதில் விழுந்தது? ஆணையரே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பூட்டிக்கொண்டது.

முதல் நிமிஷம் ஆணையர் சிரித்தார். கேமராக்கள் மின்னின. இரண்டாவது நிமிஷம் சிரிப்பு பாதியானது. மூன்றாவது நிமிஷம், "போதும்மா" என்றார்.

"எனக்கும் போதும்தான்யா" என்றாள் ராக்கு. வலியில் அவள் உதடு துடித்தது.

"விடச் சொல்லுங்கய்யா!" என்று ஆணையர் கத்தினார்.

இயக்குநர் ஓடி வந்தார். "சார், இது பயிற்சியோட பலன் சார். பன்னிரண்டே வாரம்!"

இரண்டு ஊழியர்கள் பாய்ந்து வந்து நடுவிரலைப் பிடித்து இழுத்தார்கள். ராக்கு அலறினாள். அலறியதில் மற்ற விரல்கள் இன்னும் இறுகின. ஆணையரும் அலறினார். இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

"வாசல்ல எங்க லாத்தா நிக்குது. அதக் கூப்புடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று ராக்கு கெஞ்சினாள்.

வாசல் காவலர் விதி தெரிந்தவர். அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். பாத்திரம் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். ஆணையரின் அலறல் வாசல் வரை வந்த பிறகுதான் தூக்குவாளியின் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்து, சூடு உறைத்ததும் அனுமதித்தார். மெஹருன்னிசா மேடையேறினாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துண்டை நனைத்தாள், சுற்றினாள், சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். ஒன்றரை நிமிஷத்தில் ஆணையர் விடுதலையானார்.

அடுத்த பத்து நிமிஷத்தில் மையம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று ராக்கு கண்ணாரக் கண்டாள். ஆணையரை நாற்காலியோடு தூக்கி அறைக்குள் கொண்டுபோனார்கள். அதே மிஷினைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கிலோ. உடனே சான்று அடித்து, கையெழுத்து போட்டு, முத்திரை வைத்து, பிளாஸ்டிக் உறையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனும் போட்டாகிவிட்டது.

"தாயி, அந்தச் சீட்டுத்தானே அது?" என்று ராக்கு யுவராணியிடம் கேட்டாள்.

யுவராணி தலையாட்டினாள்.

"பாவம், நல்லாருக்கட்டும். அவுக என்ன செய்வாக." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். பிறகு, "இதே மிஷின்தான் தாயி எனக்கும்" என்றாள்.

மறுநாள் மையத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது: பயனாளிகளோடு அதிகாரிகள் யாரும் கைகுலுக்க வேண்டாம்.

ராக்கு சீட்டு இல்லாமலே எலும்பு டாக்டரிடம் போய் நின்றாள். "எனக்கு ஆட்சேபனை இல்லம்மா. சீட்டு நம்பர் போடாம கம்ப்யூட்டர் தேதி குடுக்காது" என்றார் அவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் இந்த நாட்டில் எல்லாக் கதவும் மரியாதையாக மூடப்படுகிறது.

ஆடி பிறந்து ஆறாம் நாள் ராக்கு எழுந்தபோது வலது கை முட்டியாக மூடியிருந்தது. மெஹருன்னிசா மூன்று தூக்குவாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். சுண்டுவிரல் அசையவில்லை. கம்பைச் செருக இடமில்லாத கையை வைத்துக்கொண்டு உப்பளத்தில் என்ன வேலை? "வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றான் கங்காணி. டாக்டருக்குப் போன் போட்டாள் மெஹருன்னிசா. "இன்னைக்கு, மிஞ்சிப்போனா நாளைக்குள்ள சீட்டோட வந்துருங்க, திறந்து பாத்துருவோம்" என்றார் அவர். இரண்டு பேரும் ஏர்வாடி வழி பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் ஓடினார்கள்.

யுவராணி மிஷினை ராக்குவின் கைக்குள் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. முள் அசையவில்லை. அவள் அவசர அவசரமாக '0' என்று எழுதி இயக்குநரிடம் ஓடினாள். அவர் பார்த்தார்.

"பூஜ்யம்! இது தகுதி. பாத்தீங்களாம்மா, விதிப்படி வந்தா இந்த மையம் யாரையும் வெறுங்கையோட அனுப்பாது" என்று கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார்.

ராக்கு இடது கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம். அளந்த கையாலதான் வாங்கணும். கோப்புக்குப் போட்டோ வேணும்" என்றார் இயக்குநர்.

மூடிய முட்டியில் எப்படி வாங்குவது? அவரே சீட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சந்தில் கீழ்ப்பாதியைத் திணித்தார். போட்டோ எடுத்தாயிற்று. ராக்கு முட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நில்லுங்க" என்றார் இயக்குநர்.

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ விழலையே?"

"என்னது ஐயா?"

"பிடிவலு பூஜ்யம்னா தாள் விழணுமே." அவர் வந்து சீட்டின் மேல்நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். வரவில்லை. அவர் முகத்தில் ஆராய்ச்சியின் ஒளி வந்தது. "யுவராணி, பாத்தியா? பிடி இருக்கு! நடிச்சிருக்காங்க!"

"சார், அது பிடி இல்ல சார், விரல் ஒட்டிப்போயி..."

"விடுறதுக்கு நம்மகிட்ட கட்டம் இல்லை யுவராணி. பிடிக்கிறதுக்குத்தான் இருக்கு." அவர் ஒரு காலைப் பின்னால் ஊன்றி, முழு பலத்தோடு இழுத்தார். சீட்டு கிழிந்தது. பெயரும் பூஜ்யமும் இருந்த மேல்பாதி அவர் கையில் வந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்த கீழ்ப்பாதி முட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சான்று ரத்து. அரசு ஆவணத்தைக் கிழிச்சாங்கன்னும் சேத்து எழுதிக்க" என்றார். மூச்சு வாங்கியது. பியூன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

யுவராணி எழுதினாள். எழுதும்போது அழுதாள். எழுதி முடித்தாள்.

வாசலில் மெஹருன்னிசா தூக்குவாளியோடு எழுந்தாள். ராக்குவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு முட்டியைப் பார்த்தாள். விரல் சந்தில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது.

"ஏத்தா, என்னடி உள்ள?"

"சீட்டு லாத்தா."

"கெடச்சிருச்சா!"

"கெடச்சிருச்சு" என்றாள் ராக்கு. "வெளியதான் வரலை."